பாதியில் நின்ற கொட்டு

எனக்குக் கருகிய தோசை ஆகாது. காசு கொடுத்துக் கரியைத் தின்ன வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறதா என்ன? அன்று காலை ஜொகூர் பாருவில், சிங்கப்பூர் எல்லைச் சாவடிக்குப் போகும் மூடிய நடைபாதையில், தட்டிலிருந்த தோசையைத் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு.

நான் அங்கே தோசைக்காகப் போகவில்லை. என் வேலையை நானே கேட்டு ரசிக்கப் போயிருந்தேன். நான் ஒலிப்பதிவுக்காரன். அந்த நடைபாதையைக் கட்டிய பேரங்காடிக்காரர்கள், இந்த நகரம் எப்படிப்பட்டது என்று கேட்பவனுக்கு இங்கேயே பதில் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்காக ஒரு பக்கச் சுவர் முழுக்க ஓவியம். எதிர்ப்பக்கம் மலாய், சீன, இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் ஆறு. மேலே ஒலிபெருக்கிகள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை மணிக்கு ஒரு தடவை ‘நகரத்தின் குரல்’ ஒலிக்கும். பன்னிரண்டு வினாடி மலாய்க்காரர்களின் கொம்பாங் மேளம், பன்னிரண்டு வினாடி சீனப் பெருமுரசு, பன்னிரண்டு வினாடி நம்முடைய தப்பு. கடைசியில் ஒரு பெண்ணின் குரல் ஓங்கி எழும்பும், டக்கென்று நிற்கும். எல்லாம் நான் செய்தது. முறைப்படி திறப்பு விழா நடக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதுவரை வெள்ளோட்டம்.

சுவரோவியத்தில் தப்பு அடிப்பவருக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரியும். தப்பு அடிக்கிற எவரும் சிரித்துக்கொண்டு அடித்து நான் பார்த்ததில்லை. வரைந்தவர் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

“என்னம்மா இது, தோசையா, டயரா?” என்றேன்.

கடைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கையில் தோசைக்கரண்டியோடு கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். “மன்னிச்சிடுங்க அண்ணே, வேற ஊத்தித் தரேன்” என்றாள்.

பக்கத்து நாற்காலியில் தே தாரிக், அதான் நுரை பொங்க ஆற்றிய தேநீர், குடித்துக்கொண்டிருந்த காவலாளி ராஜசேகரன் என் பக்கம் சாய்ந்தார். “மணி அடிக்கிற நேரத்துல கஸ்தூரிகிட்ட தோசை கேக்காதிங்க தம்பி. அந்தக் கொட்டு வரும்போது அது கை நின்னுடும். மணிக்கு ஒண்ணு கருகும். நாங்கல்லாம் நேரம் பாத்துத்தான் வருவோம்.”

“ஏன், கொட்டுக்கும் தோசைக்கும் என்ன சண்டை?” என்று சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

“அது எங்கப்பாவுக்கு அடிச்சது அண்ணே” என்றாள் கஸ்தூரி. “லாபிஸ்ல. போன மார்ச் மாசம். கடைசியில ஒரு பொம்பள கத்துதே, அது நான்தான்.”

திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தேன்.

“எவன் எடுத்தான்னு தெரியல. அன்னைக்கு ஒருத்தன் காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு, முடி மொளச்ச குச்சி ஒண்ணத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னான். மூஞ்சிய பாக்கல. அன்னைக்கு நான் யார் மூஞ்சிய பாத்தேன்?” என்று சொல்லிக்கொண்டே மாவை ஊற்றினாள். குச்சி என்று அவள் சொன்னது ரோம உறை போட்ட என் மைக்கை. இரண்டாவது தோசை பொன்னிறமாக வந்தது. அதைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

நடந்தது இதுதான். எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவள் ஐலீன், விளம்பர நிறுவனத்தில் எனக்கு மேலே இருப்பவள். அவளும் என்னைப் போலவே மாதா கோயில் தமிழ்க் குடும்பம். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்து, “ரேமண்ட், மத்த ரெண்டும் ஓக்கே லா. இந்தியன் டிரம் மட்டும் இல்ல. திங்கக்கிழமைக்குள்ள வேணும், ஸ்டூடியோல அடிச்சது வேணாம், தெருவுல அடிச்சது மாதிரி இருக்கணும்” என்றாள். வடக்கே லாபிஸ் என்ற சிற்றூரில் கொட்டுக்குழு வைத்திருக்கும் செல்லப்பன் அண்ணனை அழைத்தேன். “நாளைக்கு நமக்கு ஒரு வேலை இருக்கு தம்பி, ஆனா சாவு வீடு” என்றார். “பரவால்லண்ணே, பதிவு பண்ணி வச்சிக்கிறேன்” என்றேன். அவரும் ஏதோ ஆராய்ச்சிக்கு என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

இறந்தவர் ஐயாசாமி. பால்மர ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்து, கடைசிக் காலத்தில் கம்பத்தில், அதான் கிராமத்தில், நாலு மரம் வைத்துப் பிழைத்த மனிதர். பாடையைத் தூக்கும்போது செல்லப்பன் குழு ஓர் அடி அடித்தது. அதுவரை துள்ளிக்கொண்டிருந்த கொட்டு திடீரென்று தாழ்ந்து, நின்று நின்று, பிறகு ஒரே மூச்சில் எழும்பியது. என் முன்கை மயிர் சிலிர்த்து நின்றது. இதுதான் வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாவு வீட்டில் ஒருவன் சந்தோஷப்பட முடியுமா என்றால், முடியும். நான் பட்டேன்.

எங்கள் வீட்டில் சாவுக்குக் கொட்டு கிடையாது. என் அப்பா மரியநாதன் போனபோது செனாய் ஊர் மாதா கோயிலில் மணி அடித்தது, பாட்டு பாடினார்கள், ஆர்மோனியம் வாசித்தார்கள். கொட்டு என்றால் எனக்குத் திருவிழா, வேறு யாருடைய திருவிழாவோ. ஒரு பாட்டு எந்த நேரத்துக்கு உரியது என்பது அதைப் பாடுகிறவனுக்குத்தான் தெரியும், கேட்கிறவனுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று அப்போது நம்பியிருந்தேன். பன்னிரண்டு வினாடி. யாருக்குத் தெரியப்போகிறது?

அழுகைகளை எல்லாம் துடைத்து எடுத்தேன். ஒரு குரல் மட்டும் கொட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதையும் எடுத்துவிட முடியும், நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஐலீன் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து துள்ளினாள். “அலமாக்! குஷியில ஒருத்தி கூவுறா பாரு, அத எடுத்துடாத. உயிரே அதுலதான் இருக்கு.” நான் எடுக்கவில்லை. அது குஷி இல்லை என்றும் சொல்லவில்லை.

தோசையை விட்டு எழுந்த மறுநாள் ஐலீனிடம் போனேன். முழுக்கச் சொல்லத் தைரியம் வரவில்லை. “அந்தத் தப்பு பகுதிய மாத்திடலாம் ஐலீன். அந்த வீட்டுக்காரங்களுக்கு வருத்தமா இருக்கு” என்று மட்டும் சொன்னேன்.

“என்ன வருத்தம்? பணமா?”

“இல்ல. தெரியாம எடுத்துட்டேன்.”

“அப்படின்னா அவங்கள கௌரவப்படுத்திடுவோம். திறப்பு விழாவுக்கு அதே குழுவக் கூப்பிடு. மேடையில, ஒலிபெருக்கியில அது முடியிற இடத்துல, அவங்க அதையே நேரா அடிக்கட்டும். ஒரு நிமிஷம். செம்மையா இருக்கும்ல?” கையைத் தட்டிக்கொண்டாள். “அப்புறம் இன்னொண்ணு. பேரங்காடியோட மத்த மூணு கிளைக்கும் நீதான் பண்ணப்போற. ஒரு வருஷ வேலை. இப்ப போய் எதையும் கெளறாத லா.”

ஒரு வருஷ வேலை. முப்பத்தெட்டு வயது வரை கல்யாணத்துக்கும் கடைத் திறப்புக்கும் மைக் கட்டிப் பிழைத்தவனுக்கு அந்தச் சொல் எப்படி இனிக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

செல்லப்பன் அண்ணனுக்குப் போன் செய்தபோது அவர் நம்பவே இல்லை. பட்டணத்து மேடையில் அவர் குழு ஏறியதில்லை. கோயில் திருவிழாவில் கூப்பிடுவார்கள், கூட்டம் சேர்ந்தால் போலீஸ் ஓரம் தள்ளும், அவ்வளவுதான். “எட்டு பேர் வரோம் தம்பி. புதுச் சட்ட தைக்கச் சொல்லிட்டேன்” என்றார். எந்த அடி என்று கேட்டார். பதிவை அனுப்பினேன். அவர் கேட்டுவிட்டார் என்று போன் காட்டியது. அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அழைத்தார். குரலே வேறாக இருந்தது.

“இது ஐயாசாமி மாமாவுக்கு அடிச்சது.”

“ஆமாண்ணே.”

“இதையா மணிக்கு ஒரு தடவ போடுறீங்க?”

“ஆமாண்ணே.”

“தம்பி, இது தூக்குற அடி. இத ஆரம்பிச்சா வழியில எங்கயும் நிறுத்த மாட்டோம். மழ பேஞ்சாலும், தோலு கிழிஞ்சாலும், கை மாத்தி அடிச்சிக்கிட்டே சுடுகாட்டுக்குப் போய்தான் நிறுத்துவோம். எங்க அப்பன் காலத்துலருந்து அப்படித்தான். நீங்க என்ன பண்ணியிருக்கிங்க? தூக்கி, பத்தடி நடந்து, நடுரோட்டுல போட்டுட்டு வந்துட்டிங்க.” மூச்சு வாங்கினார். “ஒரு நாளைக்கு எத்தன தடவ?”

“பதிமூணு.”

அவர் வைத்துவிட்டார்.

அன்று மாலையே கஸ்தூரியின் கடைக்குப் போனேன். நல்லவனாக அல்ல. செல்லப்பன் சொல்லி அவளுக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மேல் என்ற கணக்கில்தான். “முடி மொளச்ச குச்சி வச்சிருந்தது நான்தாம்மா” என்றேன்.

திட்டுவாள், கரண்டியால் அடிப்பாள் என்று நினைத்தேன். கல்லைத் துடைத்த துணியை உதறி மடித்து வைத்தாள்.

“இந்தக் கடைக்கு எடம் கெடச்சப்ப எவ்வளவு சந்தோஷமா வந்தேன் தெரியுமா அண்ணே? அப்பா போன வீட்டுல உக்காந்திருக்க முடியல, வேற சத்தத்துல இருந்தா மறந்துடும்னு வந்தேன். மொத நாளு, எட்டு மணி, மேல கொட்டுது. பைத்தியம் புடிச்சிடுச்சுன்னு நெனச்சேன். இங்க வர்றவங்க அந்தக் கொட்டுக்குப் புள்ளைங்கள ஆட விட்டு வீடியோ எடுக்கறாங்க. நான் கத்துறதுக்கு ஆடுதுங்க.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நிறுத்த முடியுமா, முடியாதா?”

அந்த இசையை ஓட்டுகிற சிறு கணினி அவள் கடைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில்தான் இருந்தது. அதைப் பொருத்தியவன் நான். அறைச் சாவி அந்த நேரம் என் கால்சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்தது. இரண்டு விரல் வேலை.

“என் கையில இல்லம்மா” என்றேன். “மேல சொல்லியிருக்கேன்.”

“சொல்லுங்கண்ணே” என்றாள். நம்பிவிட்டாள். “நானே கேட்டா கடைய எடுத்துடுவாங்க. நீங்க கேட்டா கேப்பாங்க.” ஒரு தே போட்டு வைத்தாள். காசு வாங்கவில்லை. அதையும் வாய் கூசாமல் குடித்தேன்.

மூன்று வாரம் அப்படியே போனது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். வீட்டில் இருந்தாலும் மணி ஒன்பது, மணி பத்து என்று கடிகாரம் மாறும்போது ஐயாசாமியை இப்போது தூக்குகிறார்கள் என்று தோன்றும்.

விழா சனிக்கிழமை காலை. நடைபாதையின் வாசலில் மேடை, சிவப்புக் கம்பளம், நாற்காலியில் ஒரு பெரிய மனிதர், அவரைச் சுற்றி இருபது படம்பிடிப்பாளர்கள். செல்லப்பன் வருவாரா என்றே எனக்குச் சந்தேகம். வேனில் ஏழு பேரோடு வந்து இறங்கினார். புதுச் சட்டை யாரும் போடவில்லை. பழைய கறுப்புப் பனியன், வேட்டி. மேடைக்குப் பின்னால் காகிதம் கொளுத்தித் தப்பின் தோலைக் காய்ச்சினார்கள்.

“அடிக்கப் போறீங்களாண்ணே?”

“கூப்பிட்டிங்கல்ல” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து மணி. கொம்பாங் ஒலித்தது, முரசு ஒலித்தது, பிறகு தப்பு. கஸ்தூரியின் குரல் எழும்பி டக்கென்று நின்றது. அந்த இடத்தில், ஒரு நொடிகூடத் தவறாமல், செல்லப்பன் பிடித்துக்கொண்டார்.

ஒரு நிமிஷம் ஆனது. ஐலீன் மேடை ஓரத்தில் நின்று போதும் என்று கை காட்டினாள். அவர்கள் நிறுத்தவில்லை. செல்லப்பன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அடித்துக்கொண்டே படியிறங்கினார். ஏழு பேரும் பின்னால் இறங்கினார்கள். நடைபாதைக்குள் நுழைந்தார்கள்.

முதலில் எழுந்தவர் ராஜசேகரன். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கழிவறை துடைக்கும் இரண்டு அம்மாக்கள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பூச்சரம் கட்டித் தர வந்திருந்த செல்வராணி அக்கா பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். பிணம் போகும்போது யாராவது உட்கார்ந்திருப்பார்களா? தமிழர்கள் அங்கே பதினைந்து பேர் இருந்திருக்கலாம். பதினைந்து பேரும் எழுந்தார்கள்.

அவர்கள் எழுந்ததைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். மரியாதைக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள். பெரிய மனிதர் எழுந்தார், அவர் எழுந்ததால் மொத்தக் கூட்டமும் எழுந்தது. கை தட்டினார்கள். லாபிஸில் பால் வெட்டிய ஐயாசாமிக்கு ஜொகூர் பாரு எழுந்து நின்றது. யாருக்கு எழுந்தோம் என்று அதற்குத் தெரியாது.

கஸ்தூரி அடுப்பை அணைத்தாள். முன்றானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டுக்குப் பின்னால் நடந்தாள். நடைபாதை முடிந்து சாலை தொடங்குகிற இடத்தில் நின்றாள். பெண்கள் தெருமுனை வரைதான். லாபிஸிலும் அங்கேதான் நின்றிருப்பாள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

செல்லப்பன் திரும்பி என்னைத் தேடினார். “நீங்க வாங்க தம்பி” என்றார், அடியை விடாமல். “நடுரோட்டுல விட்டுட்டு வந்தது நீங்கதான்.”

போனேன். வெயிலில் எட்டு பேர் அடித்துக்கொண்டு போக, பாடையில்லாத பாடைக்குப் பின்னால் நான் ஒருவன். கார்கள் ஹாரன் அடித்தன. கடலோரம் வரை நடந்தோம். எதிரே சிங்கப்பூர் பளபளத்தது. நீர் தெரிந்த இடத்தில் செல்லப்பன் கை ஓங்கி மூன்று அடி அடித்து நிறுத்தினார். அந்த அமைதியை எந்த மைக்காலும் எடுக்க முடியாது. நான் அழுதேன். என் அப்பாவுக்குக்கூட அப்படி அழுததில்லை.

“போங்க. திரும்பிப் பாக்காம போங்க” என்றார்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஐலீன் வழியிலேயே பிடித்துக்கொண்டாள். கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். “எல்லாரும் எழுந்து நின்னாங்க ரேமண்ட்! இத வாராவாரம் சனிக்கெழம பண்ணுவோம்னு அந்தப் பெரிய மனுஷரே சொல்லிட்டாரு!”

“அது சாவுக் கொட்டு ஐலீன். அந்தப் பொண்ணு குஷியில கூவல. அப்பா செத்ததுக்கு அழுவுறா. எனக்கு மொதல்லயே தெரியும்.”

அவள் முகம் வெளுத்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “வேற யாருக்கும் தெரியாதுல்ல?”

நேற்று வரை என் வாயிலிருந்தே வந்திருக்கும் வார்த்தை. அவளைத் தாண்டிப் போய், சாமான் அறையைத் திறந்து, கணினியிலிருந்த பதிவை அழித்தேன். நகலையும் அழித்தேன். இரண்டு விரல்தான், அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஐலீன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். “சாவிய வச்சிட்டுப் போ. அந்த ஒரு வருஷ வேலையயும் மறந்துடு” என்றாள். வைத்துவிட்டு வந்தேன்.

கஸ்தூரி கடைக்குத் திரும்பியிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். அடுப்பு மறுபடியும் எரிந்தது. “நிறுத்திட்டேம்மா. இனிமே வராது” என்றேன்.

அவள் கண் நிறைந்தது. “மேல கேட்டுட்டாங்களா அண்ணே?”

தலையை ஆட்டியிருந்தால் போதும். அவளுக்கு நான் அண்ணனாகவே இருந்திருப்பேன். ஆனால் அந்தக் கடலோரத்திலிருந்து வந்தவனால் ஆட்ட முடியவில்லை.

“மேல யாரும் இல்லம்மா. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. அன்னைக்கே இருந்துச்சு.”

அவள் கேட்டாள், “அப்ப இந்த மூணு வாரமா?”

பதிலுக்குக் காத்திராமல் திரும்பிக் கல்லில் மாவை ஊற்றித் தேய்த்தாள்.

மணி பதினொன்று. ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. நடைபாதையில் ஆட்கள் நடக்கிற சத்தம் மட்டும். ஆனாலும் அவள் கை நின்றது. கரண்டியைப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லிலிருந்து புகை எழும்பியது.

கருகிய பிறகு தோசையைச் சுரண்டி எடுத்து என் தட்டில் போட்டாள். வேறு ஊற்றித் தருகிறேன் என்று சொல்லவில்லை. நான் உட்கார்ந்து கடைசித் துண்டு வரை சாப்பிட்டேன்.